1274: நூற்று முப்பது நாளில் மறைந்த மூவர்

1274ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி, ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையில் உள்ள ஃபோசனோவா மடத்தின் விருந்தினர் பகுதியில் தாமஸ் அக்குவைனஸ் உயிர் துறந்தார். ஜூன் 26ஆம் தேதி பாக்தாத்தில் நசீருத்தீன் தூஸி காலமானார். ஜூலை 15ஆம் தேதி, இன்றைய பிரான்சின் லியோன் நகரில் பொனவெந்தூர் மறைந்தார். முதல் சாவுக்கும் மூன்றாவதற்கும் நடுவே 130 நாட்கள்தான்.

தாமஸ் டொமினிக்கன் துறவி, இறையியல் பேராசிரியர். தூஸி பாரசீக வானியலாளர், கணித மேதை, மங்கோலிய அரசவையின் ஆலோசகர். பொனவெந்தூர் பிரான்சிஸ்கன் சபையின் தலைவர், கடைசி ஓராண்டு கர்தினால். தாமஸும் பொனவெந்தூரும் பாரிஸில் ஒன்றாகக் கற்பித்தவர்கள். தூஸியை அவர்கள் பார்த்ததில்லை. ஆனாலும் மூவரும் ஒரே புத்தக அலமாரியின் முன் நின்றவர்கள் எனலாம். கிரேக்கத்தின் அரிஸ்டாட்டிலும், அவரை அரபு மொழியில் புதிதாக எழுதிக் காட்டிய இப்னு சீனாவும் மூவருக்குமே தவிர்க்க முடியாத ஆசான்கள். 1037இல் இறந்த இப்னு சீனாவின் நூலுக்குத் தூஸி உரை எழுதினார். தாமஸ் இளமையில் எழுதிய சிறு நூல் ஒன்றில் இப்னு சீனாவின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பொனவெந்தூர் அதே மரபைப் படித்துவிட்டு அதன் சில முடிவுகளைக் கடுமையாக மறுத்தார்.

மதுரையில் அப்போது முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்தான். சோழர் கடைசி அரசனான மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சி முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. சீனா முதல் ஈராக் வரை செங்கிஸ் கானின் வழித்தோன்றல்கள் கையில் இருந்தது.

தாமஸ் 1225 வாக்கில் ரோக்கசெக்கா கோட்டையில் பிறந்தார். பிரபு குடும்பத்தின் கடைசி மகன். ஐந்து வயதில் அவரை மோந்தே கசினோ மடத்தில் விட்டார்கள். என்றாவது ஒருநாள் அந்தச் செல்வாக்கு மிக்க மடத்துக்கே அவர் தலைவராவார் என்பது வீட்டாரின் கணக்கு. திருத்தந்தைக்கும் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்கும் போர் மூண்டதால் பையன் மடத்தை விட்டு நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1224இல் ஃபிரெடரிக் நிறுவிய கல்விக்கூடம் அது. அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாடமாக நடத்தக் கூடாதென்று பாரிஸில் 1210இலும் 1215இலும் தடை போட்டிருந்தார்கள். நேப்பிள்ஸில் அந்தத் தடை இல்லை. தாமஸின் வாழ்க்கையைத் தீர்மானித்த சந்திப்பு அங்கேதான் நடந்தது.

1244இல் அவர் டொமினிக்கன் சபையில் சேர்ந்தார். பிச்சை எடுத்து உண்டு, ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் சபை அது. மடத்துத் தலைவராக வேண்டிய பிள்ளை திருவோடு ஏந்துவதை வீட்டார் பொறுக்கவில்லை. பாரிஸுக்குப் புறப்பட்டவரை அண்ணன்மார் வழியில் மறித்துப் பிடித்து, ஏறக்குறைய ஓராண்டு குடும்பக் கோட்டையில் அடைத்து வைத்தார்கள். மனத்தைக் கலைக்க அறைக்குள் ஒரு பெண்ணை அனுப்பியதாகவும், தாமஸ் அடுப்பில் எரிந்த கொள்ளிக்கட்டையை உருவி அவளை விரட்டியதாகவும் அவருடைய சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். பிறகு வீட்டாரே விட்டுக்கொடுத்தார்கள்.

பாரிஸிலும் கொலோனிலும் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஆல்பர்ட், அக்காலத்தின் மிகப் பெரிய இயற்கை அறிஞர். கனத்த உடம்பும் பேசாத வாயுமாக உட்கார்ந்திருந்த தாமஸுக்குச் சக மாணவர்கள் ‘ஊமை எருது’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இந்த எருது போடும் சத்தம் ஒருநாள் உலகம் முழுக்கக் கேட்கும் என்று ஆல்பர்ட் சொன்னதாக வழக்கு. மாணவர் இறந்த பின்னும் ஆறு ஆண்டுகள் ஆல்பர்ட் உயிரோடிருந்தார்.

தாமஸின் கையெழுத்தில் சில ஏடுகள் இன்றும் உள்ளன. படிக்க முடியாத கிறுக்கல். பழைய குறிப்புகளே அதை ‘வாசிக்க முடியாத எழுத்து’ என்று அழைத்தன. அதனால் பெரும்பாலும் வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்தார். ஒரே வேளையில் மூன்று நான்கு எழுத்தர்களுக்கு வெவ்வேறு நூல்களைச் சொல்வார் என்கிறார்கள். சிந்தனையில் ஆழ்ந்தால் பக்கத்தில் இருப்பவர் யாரென்பதும் மறந்துவிடும். பிரான்சின் அரசர் ஒன்பதாம் லூயி அளித்த விருந்தில், பேச்சு எதிலும் கலக்காமல் இருந்தவர் திடீரென்று மேசையை ஓங்கித் தட்டி, மணிக்கேய மதத்தாருக்கு இதோ பதில் கிடைத்துவிட்டது என்றாராம். அருகிலிருந்த மடத்துத் தலைவர் பதறிப்போனார். அரசரோ, அந்தப் பதில் மறந்துபோவதற்குள் எழுதிக்கொள்ளத் தம் எழுத்தரையே அழைத்துவிட்டார்.

அவருடைய பெருநூல் ‘இறையியல் தொகுப்பு’. 1265 வாக்கில் ரோமில் தொடங்கியது. 512 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் பல உட்பிரிவுகள். ஒரு கருத்தை எடுத்தால் முதலில் அதை மறுப்பவரின் வாதங்களை வரிசையாக, அவற்றின் முழு வலிமையோடு சொல்வார். பிறகு தம் முடிவு. அதன்பின் முதலில் சொன்ன மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாக விடை. பரபக்கம் பேசிவிட்டுச் சுபக்கத்துக்கு வரும் சிவஞான சித்தியாரைப் படித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபடும். அந்த நூலும் அதே நூற்றாண்டில் எழுந்ததுதான். எதிராளியின் வாதத்தை நலிவாக்கிச் சொல்லி வெல்வது தாமஸுக்குப் பிடிக்காத வேலை. அவருடைய நேர்மை அங்கேதான் முழுமையாகத் தெரிகிறது.

நூல் முடியவில்லை. 1273 டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாள். நேப்பிள்ஸில் காலைத் திருப்பலி நிறைவேற்றியபோது அவருக்கு ஏதோ நேர்ந்தது. அன்றிலிருந்து பேனாவைத் தொடவில்லை, எழுதவைக்கவும் இல்லை. நெருங்கிய துணைவரான ரெஜினால்டு வற்புறுத்திக் கேட்டபோது, தமக்குக் காட்டப்பட்டதோடு ஒப்பிட்டால் இதுவரை எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்று பதில் சொன்னார். அது இறையனுபவம் என்று பக்தர்கள் சொல்கிறார்கள். மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவாக இருக்கலாம் என்று மருத்துவக் கண்ணோடு பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சில வாரங்களில் திருத்தந்தை பத்தாம் கிரகோரியின் அழைப்பு வந்தது: லியோனில் கூடும் பொதுச்சங்கத்துக்கு வரவேண்டும். குளிர்காலத்தில் கிளம்பினார். போகும் வழியில் சாய்ந்து கிடந்த மரக்கிளை ஒன்றில் தலை மோதியது. மயேன்சா கோட்டையில் இருந்த அண்ணன் மகள் வீட்டில் படுத்துவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. பிரான்சில் சாப்பிட்ட ஹெர்ரிங் மீன் கிடைத்தால் தின்னலாம் போலிருக்கிறது என்று சொன்னதாகவும், மீன்காரன் கொண்டுவந்த மத்திக் கூடைகளில் ஒன்றைத் திறந்தால் உள்ளே அந்த மீனே இருந்ததாகவும் ஒரு கதை உண்டு. புனிதர் பட்ட விசாரணையில் இதை ஓர் அற்புதமாகச் சாட்சி சொன்னார்கள். தத்துவத்தின் உச்சியில் நின்றவருக்குக் கடைசி நாட்களில் ஒரு மீன் துண்டின் மேல் ஆசை வந்ததென்பது, அற்புதம் இல்லாமலே மனத்தில் தங்கும் செய்தி. துறவி துறவு மடத்தில்தான் சாகவேண்டும் என்று சொல்லி ஃபோசனோவாவுக்குத் தூக்கிப்போகச் சொன்னார். ஐம்பது வயது நிறைந்திருக்காது.

சரியாக மூன்றாம் ஆண்டு நினைவு நாளான 1277 மார்ச் 7இல், பாரிஸ் ஆயர் எத்தியேன் தம்பியே 219 கருத்துகளைத் தவறென்று தடைசெய்தார். அவற்றில் சில தாமஸின் கருத்துகளை உரசிப் போயின. வயதான ஆல்பர்ட் மாணவருக்காக வாதாடக் கிளம்பினார் என்பது டொமினிக்கன் மரபு. 1323இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் தாமஸுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். 1567இல் மறைவல்லுநர் என்று அறிவித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அவருக்கு யாரும் எதிர்பாராத ஒரு பெருமை வந்தது. தாமஸின் சொற்களையெல்லாம் அகரவரிசைப்படுத்த நினைத்த ரொபெர்த்தோ பூசா என்ற இயேசு சபைக் குரு, 1949இல் ஐபிஎம் நிறுவனத்தின் தலைவரை நேரில் பார்த்து இயந்திர உதவி கேட்டார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அந்த வேலை 56 தொகுதிகளாக அச்சானது. கணினியைக் கொண்டு இலக்கியத்தை ஆராயும் துறைக்கு அதுவே தொடக்கம் என்று கருதுகிறார்கள்.

தூஸியின் கதைக்கு வேறு நிலம், வேறு வேகம். 1201 பிப்ரவரியில் ஈரானின் வடகிழக்கில் தூஸ் நகரில் பிறந்தார். பெயரிலுள்ள தூஸி ஊரைக் குறிப்பது. நிஷாப்பூரில் தத்துவமும் மருத்துவமும், மோசுலில் கணிதமும் படித்தார். அவர் வாலிபனாக இருந்தபோது செங்கிஸ் கானின் படை குராசானில் புகுந்தது. 1221இல் நிஷாப்பூர் தரைமட்டமானது. படித்த நகரம் சாம்பலானபின், புத்தகமும் உயிரும் தப்ப ஒரு பாதுகாப்பான இடம் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவர்கள் இஸ்மாயிலிகள். மலைக்கோட்டைகளில் தனி அரசு நடத்திய ஷியா பிரிவினர் அவர்கள். அவர்களுடைய நூலகங்கள் பெரியவை.

குஹிஸ்தானிலும் பிறகு அலமூத் பக்கத்துக் கோட்டைகளிலுமாக இருபதாண்டுக்கு மேல் தூஸி அவர்களோடு கழித்தார். குஹிஸ்தான் ஆளுநர் நாசிருத்தீனின் பெயரைத் தாங்கிய ‘அக்லாக்கெ நாசிரி’ என்ற ஒழுக்க நூல், யூக்ளிடுக்கும் தாலமிக்கும் செய்த திருத்தப் பதிப்புகள், இப்னு சீனாவின் ‘இஷாராத்’ நூலுக்கு உரை ஆகியவை அங்கே எழுந்தன. அந்த உரையின் முடிவில், தாங்க முடியாத துயரத்துக்கு நடுவே இதை எழுதினேன் என்று புலம்புகிறார். அவர் விருந்தாளியா கைதியா என்ற கேள்விக்கு அந்த வரிகள்தான் மூலம். பின்னாளில் மங்கோலியரிடம் நல்ல பெயர் வாங்க இப்படி எழுதிச் சேர்த்தார் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

1256இல் செங்கிஸின் பேரன் ஹுலாகு கான் கோட்டைகளை முற்றுகையிட்டார். இஸ்மாயிலித் தலைவர் ருக்னுத்தீன் குர்ஷா சரணடைந்தார். சரணடையச் சொன்னவர்களில் தூஸியும் ஒருவர். கோட்டையிலிருந்து இறங்கிவந்தவர் ஹுலாகுவின் ஆலோசகரானார். இரண்டாண்டு கழித்துப் படை பாக்தாத் வாசலில் நின்றது. கலீஃபாவைத் தொட்டால் ஆறு பேரழிவுகள் வரும் என்று ஹுலாகுவின் சோதிடர்களில் ஒருவர் எச்சரித்தார். ஹுலாகு தூஸியைக் கேட்டார். முன்பும் கலீஃபாக்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள், எந்த அழிவும் வந்ததில்லை, கலீஃபாவின் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள், அவ்வளவுதான் என்றார் தூஸி. 1258 பிப்ரவரியில் பாக்தாத் விழுந்தது. கலீஃபா முஸ்தஅஸிமைக் கம்பளத்தில் சுருட்டிக் குதிரைகளை மிதிக்கவிட்டுக் கொன்றார்கள் என்று பலர் எழுதியுள்ளனர். நகரத்தின் நூலகங்கள் அழிந்தன.

இந்த இடத்தில் தூஸியை மன்னிக்காத வரலாற்றாசிரியர்கள் உண்டு, அவர்களுடைய கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அதற்கடுத்த ஆண்டு அவர் செய்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டும். கொலைகாரப் படையின் செல்வத்தைக் கொண்டு, அக்காலத்தில் எங்கும் இல்லாத ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை அவர் எழுப்பினார்.

வான்நோக்ககத்துக்கு அவர் பணம் கேட்டபோது ஹுலாகு, நட்சத்திரத்தைப் பார்த்து நடக்கப்போவதைத் தெரிந்துகொண்டால் அதைத் தடுக்கவா முடியும் என்று கேட்டாராம். தூஸி ஒரு செய்முறை காட்டினார். இரவில் யாருக்கும் சொல்லாமல் மலைமேலிருந்து ஒரு பெரிய உலோகத் தாம்பாளத்தை உருட்டிவிடச் செய்தார். அது பாறைக்குப் பாறை மோதி எழுப்பிய ஓசையில் பாசறை முழுதும் அலறியடித்து எழுந்தது. விஷயம் தெரிந்த ஹுலாகுவும் தூஸியும் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். முன்பே தெரிந்தால் வரும் பயன் இதுதான் என்றார் தூஸி. அரபு நூல்கள் சொல்லும் இந்தக் கதை நடந்ததோ இல்லையோ, பணம் கிடைத்தது.

1259இல் ஈரானின் வடமேற்கிலுள்ள மராகாவில், ஊருக்கு மேற்கே ஒரு குன்றின் மேல் கட்டட வேலை தொடங்கியது. டமாஸ்கஸிலிருந்து வந்த அல்-உர்தி கருவிகளைச் செய்தார். சுவரில் பதித்த கால்வட்டக் கருவியின் ஆரம் நான்கு மீட்டருக்கு மேல். தொலைநோக்கி இல்லாத காலம் அது. வெறுங்கண்ணால் கோணம் அளக்க வேண்டுமானால், கருவியைப் பெரிதாக்கினால்தான் வளைவில் நுணுக்கமான கோடுகள் பிரிக்க இடம் கிடைக்கும். நாடு முழுதும் இருந்த அறக்கட்டளைகளின் வருமானத்தை மேற்பார்க்கும் பொறுப்பும் தூஸியிடம் இருந்ததால் செலவுக்குக் குறைவில்லை. பாக்தாத்திலிருந்தும் அலமூத்திலிருந்தும் தப்பிய நூல்கள் அங்கே சேர்ந்தன. குத்புத்தீன் ஷீராஸி, மேற்கிலிருந்து வந்த முஹ்யித்தீன் மக்ரிபி, ஒரு சீன வானியலாளர் எனப் பல நாட்டார் வேலை செய்தார்கள். சிரிய கிறித்தவ ஆயர் பார் ஹெப்ரேயஸ் மராகாவில் யூக்ளிடும் தாலமியும் பாடம் நடத்தினார்.

கோள்களின் இடத்தை முன்கூட்டிச் சொல்லும் அட்டவணைக்கு முப்பதாண்டு வேண்டும் என்றார் தூஸி. சனி ஒரு சுற்று முடிக்க அவ்வளவு காலம் ஆகும். பன்னிரண்டு ஆண்டில் முடி என்றார் ஹுலாகு. அட்டவணை 1272 வாக்கில் நிறைவுற்றது. அதற்குள் ஹுலாகு போய் அவர் மகன் அபாகா கான் அரியணையில் இருந்தார். சம இரவுப் புள்ளிகள் ஆண்டுக்கு 51 விகலை நகர்கின்றன என்பது அந்த அட்டவணையின் கணக்கு. இன்றைய அளவு ஏறக்குறைய 50.3.

தூஸியின் பெயரை நிலைநிறுத்தியது ஒரு வடிவியல் உத்தி. ஒரு சல்லடையைத் தரையில் வைத்து, அதன் விட்டத்தில் சரிபாதி விட்டம் உள்ள டப்பா மூடி ஒன்றை உள்ளே, சல்லடை விளிம்பை ஒட்டியே வழுக்காமல் உருட்ட வேண்டும். மூடியின் விளிம்பில் ஒரு மைப்புள்ளி வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி வளைந்து வளைந்து போகும் என்றுதான் தோன்றும். போகாது. சல்லடையின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கம்வரை நூல் பிடித்ததுபோல் நேர்கோட்டில் போய்த் திரும்பும். இரண்டு வட்ட இயக்கங்கள் சேர்ந்து ஒரு நேர்கோட்டு இயக்கத்தைப் பெற்றுவிட்டன.

இதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு? வானத்தில் எல்லாமே சீரான வட்டத்தில் சுழல்கின்றன என்பது பழைய கொள்கை. தாலமியோ கணக்கு பொருந்தவேண்டும் என்பதற்காக, கோளின் வட்டத்துக்கு மையம் ஓரிடத்திலும் சீரான வேகத்துக்கு மையம் வேறிடத்திலும் வைத்தார். கணக்கு சரியாக வந்தது, கொள்கை உடைந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் அறிஞர்களை உறுத்திய முள் அது. தூஸி 1261இல் எழுதிய ‘தத்கிரா’ நூலில், தம் இரட்டை வட்டத்தை வைத்து, சீரான வட்ட இயக்கங்களை மட்டும் கொண்டே நிலவின் போக்கை விளக்கிக் காட்டினார்.

அதே இரட்டை வட்டம் 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூலில் இருக்கிறது. தூஸியின் படத்தில் அரபு எழுத்துகள் நிற்கும் புள்ளிகளில், ஏறக்குறைய எல்லா இடத்திலும் அவற்றுக்கு ஒலியில் நிகரான லத்தீன் எழுத்துகளே கோப்பர்நிக்கஸ் படத்தில் நிற்பதை வில்லி ஹார்ட்னர் என்ற வரலாற்றாளர் 1973இல் எடுத்துக் காட்டினார். கோப்பர்நிக்கஸ் இத்தாலியில் படித்த காலத்தில், இந்தக் கருத்து அடங்கிய கிரேக்கச் சுவடி அந்நாட்டில் இருந்தது. அது வந்துசேர்ந்த வழி குறித்து அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பூமியை நடுவிலிருந்து பெயர்த்தவரின் கருவிப்பெட்டியில் மராகாவின் ஒரு கருவி கிடந்தது என்பது மட்டும் தெளிவு.

முக்கோணவியலை வானியலின் கைப்பிள்ளையாக வைக்காமல் தனிப் பாடமாக எழுதியவரும் அவரே. ‘சைன்’ என்ற சொல் நம் நாட்டு ‘ஜ்யா’, ‘ஜீவா’ அரபில் புகுந்து, அங்கே ‘ஜைப்’ என்று திரிந்து, லத்தீனில் மொழிபெயர்ந்து வந்தது. கணக்கின் பயணம் எதிர்த்திசையிலும் நடந்தது. மராகாவின் வழியில் சமர்கந்தில் உலுக் பெக் வான்நோக்ககம் எழுப்பினார். சமர்கந்தைப் பார்த்து ஜெய்ப்பூர் அரசர் இரண்டாம் ஜெய்சிங் ஜந்தர் மந்தர்களைக் கட்டினார். அவருடைய அவைப் பண்டிதர் ஜகந்நாதர், தூஸி பதிப்பித்த யூக்ளிடையும் தாலமியையும் பதினெட்டாம் நூற்றாண்டில் வடமொழியில் பெயர்த்தார். டெல்லி ஜந்தர் மந்தரில் நிற்பவர், தூஸியின் கொள்ளுப்பேரன் வீட்டு முற்றத்தில் நிற்பதாகச் சொல்லலாம்.

1274இல் தூஸி பாக்தாத்துக்குப் போயிருந்தார். பதினாறு ஆண்டுக்கு முன் தாம் விழக் கண்ட அதே நகரம். அங்கேயே உயிர் பிரிந்தது.

பொனவெந்தூர் 1220ஐ ஒட்டி, இத்தாலியின் பாஞ்ஞோரேஜ்ஜியோ ஊரில் பிறந்தார். இயற்பெயர் ஜியோவான்னி, தந்தை மருத்துவர். சிறு வயதில் சாகக்கிடந்த தாம் புனித பிரான்சிஸின் அருளால் பிழைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பாரிஸில் படித்து, 1243 வாக்கில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். பிச்சைத் துறவிகள் பேராசிரியர் பதவியில் அமரக் கூடாது என்று மற்ற ஆசிரியர்கள் போர்க்கொடி தூக்கியதால் அவருக்கும் தாமஸுக்கும் உரிய இடம் தள்ளிப்போனது. கடைசியில் 1257இல் இருவரையும் சேர்த்தே பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே ஆண்டு சபையின் தலைமைப் பொறுப்பு வந்துவிட்டதால், பொனவெந்தூர் வகுப்பறையை விட்டு வெளியேறினார்.

இருவரும் மோதிக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு: உலகத்துக்குத் தொடக்கம் இருந்ததா? இருந்தது என்பதில் இருவருக்கும் ஐயமில்லை, அது அவர்கள் மறை. அதை அறிவால் நிறுவ முடியுமா என்பதுதான் வழக்கு. முடியும் என்றார் பொனவெந்தூர். தொடக்கமே இல்லையென்றால் இன்றைக்கு முன் எண்ணற்ற நாட்கள் கழிந்திருக்க வேண்டும்; எண்ணற்றதைக் கடந்து முடிக்க முடியாது; அப்படியானால் இன்று என்ற நாள் வந்திருக்கவே முடியாது. தாமஸ் இந்த வாதத்தை ஏற்கவில்லை. எந்த நாளை எடுத்தாலும் அதிலிருந்து இன்றுவரை எண்ணக்கூடிய நாட்கள்தானே என்றார். தொடக்கம் உண்டு என்பது நம்பிக்கையால் கொள்வது, கணக்கால் அல்ல என்பது அவர் முடிவு. தம் மதத்துக்குச் சாதகமான வாதத்தையே, போதாது என்று தள்ளுவதற்குத் துணிவு வேண்டும்.

பொனவெந்தூருக்குச் சபை நிர்வாகமே வாழ்க்கையானது. பிரான்சிஸ் சொன்ன வறுமையை ஓர் எழுத்துக்கூட விடாமல் கைக்கொள்வோம் என்று ஒரு பிரிவு, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தபின் வீடும் நூலும் வேண்டாமா என்று மற்றொரு பிரிவு. பதினேழு ஆண்டு இரண்டையும் இழுத்துக் கட்டினார். பிரான்சிஸின் அதிகாரபூர்வ சரித்திரத்தை அவரே எழுதினார். 1266இல் பாரிஸில் கூடிய சபை மாமன்றம், அதற்கு முன் எழுதிய சரித்திரங்களையெல்லாம் அழித்துவிடச் சொன்னது. பிரான்சிஸை நேரில் அறிந்த செலானோ தாமஸ் எழுதிய முதல் சரித்திரம் 1768இல்தான் அச்சேறியது. மற்ற சபைகளின் மடங்களில் சில பிரதிகள் ஒளிந்து பிழைத்ததால் அதுவாவது கிடைத்தது. ஒற்றுமைக்காகச் செய்தது என்றாலும், அவர் தலைமையில் நடந்த இந்த நூலழிப்பு அவர் பெயரில் விழுந்த கறைதான்.

1273இல் பத்தாம் கிரகோரி அவரைக் கர்தினாலாக்கினார். தூதர்கள் கர்தினால் தொப்பியைக் கொண்டுவந்தபோது அவர் மடத்துப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். கை ஈரம், வேலை முடியட்டும், அதுவரை அந்த மரத்தில் மாட்டிவையுங்கள் என்றாராம். ஓவியர்கள் அவருக்குப் பக்கத்தில் மரத்தில் தொங்கும் சிவப்புத் தொப்பியை வரைவதற்கு இந்தக் கதையே காரணம்.

1274 மே 7ஆம் தேதி லியோனில் பொதுச்சங்கம் தொடங்கியது. தாமஸ் வந்துசேராத கூட்டம் அது. கிரகோரியைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்களுக்கு ஏறக்குறைய மூன்றாண்டு பிடித்திருந்தது. அதனால் இனித் தேர்தலின்போது கர்தினால்களை ஒன்றாகப் பூட்டிவைக்க வேண்டும், நாள் நீண்டால் உணவைக் குறைக்க வேண்டும் என்று இங்கே சட்டம் செய்தார்கள். இன்றும் நடக்கும் பூட்டிய அறைத் தேர்தலின் வேர் அது. கிரேக்கத் திருச்சபையோடு மீண்டும் இணைவது மற்றொரு நோக்கம். அதற்கான பேச்சில் பொனவெந்தூரின் பங்கு பெரிது. ஜூலை 6ஆம் தேதி இணைப்பு அறிவிக்கப்பட்டது. ஆனால் கான்ஸ்டாண்டிநோபிள் மக்கள் அதை ஏற்கவில்லை, சில ஆண்டில் அது முறிந்தது.

அதற்கு இரண்டு நாள் முன், ஜூலை 4ஆம் தேதி, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மங்கோலியத் தூதர்கள் லியோனில் வந்திறங்கினார்கள். எகிப்தின் மம்லூக் அரசுக்கு எதிராகக் கூட்டுச் சேர அவர்களை அனுப்பியவர் அபாகா கான், தூஸியின் அரசர். தூஸி இறந்து அன்றைக்கு எட்டு நாள். அந்தச் செய்தி லியோனை எட்டியிருக்க வழியில்லை. கிரகோரிக்கு மங்கோலியர் புதியவர்கள் அல்ல. திருத்தந்தை ஆவதற்கு முன் அவர் பாலஸ்தீனத்தின் ஆக்ரா நகரில் இருந்தார். 1271இல் குப்லாய் கானுக்குக் கடிதம் கொடுத்து அவர் வழியனுப்பியவர்களில் இளைஞர் மார்க்கோ போலோவும் ஒருவர். பின்னாளில் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொன்னவர் அவரே.

ஜூலை 15ஆம் தேதி, சங்கம் முடிவதற்குள் பொனவெந்தூர் இறந்தார். அன்றைக்கே லியோனின் பிரான்சிஸ்கன் கோயிலில், திருத்தந்தை முன்னிலையில் அடக்கம் நடந்தது. இரங்கல் உரை ஆற்றியவர் தாரந்தேசு பியேர், தாமஸின் சபையைச் சேர்ந்த டொமினிக்கன் கர்தினால். மறுநாள் அதே பியேர் மங்கோலியத் தூதர்களில் மூவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். இரண்டாண்டு கழித்து ஐந்தாம் இன்னொசென்ட் என்ற பெயரில் திருத்தந்தையானதும் அவரே. கூட்டுப் படை கடைசிவரை கிளம்பவில்லை.

பொனவெந்தூருக்கு 1482இல் புனிதர் பட்டம் வந்தது. 1562இல் லியோனைக் கைப்பற்றிய புராட்டஸ்டன்டினர் அவருடைய உடல் எச்சங்களை அழித்தார்கள். தாமஸின் உடலை ஃபோசனோவா துறவிகள் விட்டுக்கொடுக்காமல் நெடுங்காலம் காத்தார்கள். 1369இல் அது பிரான்சின் துலூஸ் நகரத்து டொமினிக்கன் கோயிலுக்குப் போனது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வேறு கோயிலுக்கு மாறி, எழுநூறாம் ஆண்டு நிறைவான 1974இல் பழைய இடத்துக்கே திரும்பியது. தூஸி தம் விருப்பப்படி, பாக்தாத்தை ஒட்டிய காழிமிய்யாவில், இமாம் மூஸா அல்-காழிமின் அடக்கத்தலத்தில் புதைக்கப்பட்டார். குழி தோண்டும்போது ஓடு பதித்த ஆயத்தக் கல்லறை ஒன்று வெளிப்பட்டதாகவும், அது கலீஃபா அந்-நாசிர் தமக்காகக் கட்டியது என்றும், அவரை வேறிடத்தில் அடக்கியதால் காலியாகவே கிடந்தது என்றும் பாரசீக மரபு சொல்கிறது. தூஸியை அதில்தான் வைத்தார்கள்.